கெட்டி மேளத்துக்கு ஓர் ஆர்கன்

ஜூலை 8

மதியம் தூத்துக்குடி வந்து சேர்ந்தேன். இரண்டு வார விடுப்பு. வேலை ஒன்றுதான்: தம்பி வலேரியனைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போவது.

அப்பா விட்டுப்போன மெர்க்குரி டாக்கீஸை விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் செப்டம்பரில் இடித்துவிட்டு ஜவுளிக்கடை கட்டப்போகிறார்கள். பள்ளி முடித்ததிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள்ளேயே மேனேஜராகவும், டிக்கெட் கொடுப்பவனாகவும், ஆள் வராத நாட்களில் படம் ஓட்டுபவனாகவும் இருந்த நாற்பத்து மூன்று வயது ஆளுக்கு இனி இந்த ஊரில் என்ன இருக்கிறது? எங்கள் கல்லூரி விடுதியில் ஸ்டோர் கீப்பர் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். என் ஃபிளாட்டில் சும்மா கிடக்கும் இரண்டாவது அறைக்குக் கட்டிலும் வாங்கிப் போட்டாயிற்று. தள்ளுபடியில் வந்தது, அதனால் வாங்கினேன்.

வலேரியன் பஸ் நிலையத்துக்கு வரவில்லை. தியேட்டரில், ஆர்கனுக்குள் தோள் வரை கையை விட்டுக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியாக்கா? கையக் காட்டு. இதப் பிடி."

"என்ன அது?"

"எலிக் கூடு. பயப்படாத, காலிதான்."

காலி இல்லை.

ஜூலை 9

விடுப்பை நீட்டிக்கும்படி ஆனால் கல்லூரிக்கு விளக்கம் எழுத உதவும் என்பதால் ஆர்கனைப் பற்றிக் குறித்து வைக்கிறேன்.

பேசாத படக் காலத்தில், திரைக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்து காட்சிக்கேற்ப வாசிப்பதற்காக, தியேட்டரைக் கட்டிய வெள்ளைக்காரக் கப்பல் ஏஜெண்டு வரவழைத்தது. வாசிக்கும் பெட்டி மேடைக்கு முன்னால். குழல்கள் திரைக்குப் பின்னால் தனி அறையில்: விரல் நீளத்திலிருந்து ஆள் உயரத்தைத் தாண்டியது வரை, உலோகத்திலும் மரத்திலும் இருநூற்றுச் சொச்சம். மோட்டார் காற்றை ஊதும். கட்டையை அழுத்தினால் அந்தக் கட்டைக்குரிய குழலுக்குக் காற்றுப் போகும். இது போதாதென்று பக்கத்தில் ஓர் அலமாரி. அதற்குள் முரசு, ஜால்ரா, மணி, குதிரைக் குளம்பு, ரயில் ஊதல், கப்பல் சங்கு, ஒரு குருவி.

பேசும் படம் வந்ததும் இதற்கு வேலை போயிற்று. படம் தொடங்குமுன் திரை மேலே ஏறும்போது இரண்டு நிமிடம் வாசிப்பதோடு சரி. அதை வலேரியன் வாசித்து வந்தான். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்டாலே தெரியும்.

இன்று எனக்காக வாசித்தான். பாதிக் குழல்கள் பேசவில்லை. உள்ளே இருக்கும் தோலெல்லாம் உப்புக் காற்றில் பொடிந்துவிட்டது. ஆனாலும் கப்பல் சங்கை அவன் ஊதியபோது வெளியே ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்களாம்.

"இதுக்கு ஒரு எடம் கிடைக்காம நான் எங்கயும் வரமாட்டேன்," என்றான்.

"கிடைக்கவில்லை என்றால்?"

"காயலான் கடைக்கு அனுப்பிட்டு ஒன்கூட வாரேன். ஸ்டோர் ரூம்ல பருப்பு அளக்கேன்."

"கிடைத்தால்?"

"அது இருக்கிற எடத்துல நானும் இருப்பேன்."

நியாயமான ஒப்பந்தம். சம்மதித்தேன். இந்த ஊரில் யார் இதை வாங்கப்போகிறார்கள்?

ஜூலை 12

மூன்று மாதா கோவில்களில் கேட்டோம். இரண்டு பங்குச் சாமியார்கள் சிரித்தார்கள். மூன்றாமவர் சிரிக்காமல் யோசித்துவிட்டு, "பீடத்துக்குப் பக்கத்துல குதிரை ஓடுத சத்தம் வந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். குதிரையைக் கழற்றிவிடலாமே என்றேன். "குதிரை போனா ஆர்கன் நொண்டிரும்," என்று வலேரியன் எழுந்துவிட்டான்.

ஒரு பள்ளித் தாளாளர் குழல்களை மட்டும் கேட்டார். ஆண்டு விழா மேடையில் தூணாக நிறுத்துவதற்கு.

ஜூலை 13

மழை. நெத்திலிக் கருவாடு. வலேரியன் நன்றாகச் சமைக்கிறான். இத்தனை வருடம் எனக்கு இது தெரியாது.

ஜூலை 18

எதிர்பாராத திருப்பம். பாளையங்கோட்டை ரோட்டில் கனி மகால் என்று புதுக் கல்யாண மண்டபம் எழும்பியிருக்கிறது. உரிமையாளர் சண்முகக்கனி, உப்பளமும் லாரிகளும் வைத்திருப்பவர், என்னைவிடச் சில வயது மூத்த பெண்மணி. மண்டபத்தில் முதல் கல்யாணமே அவர் மகளுடையதுதான், அக்டோபர் 21. மேடைக்கு இடப்புறம் உயரமான அறை ஒன்று காலியாக இருப்பதாக வலேரியன் எங்கோ கேள்விப்பட்டு என்னை இழுத்துப் போனான்.

"அந்த ரூமை ஐஸ்கிரீம் கடைக்குன்னு வச்சிருக்கேன்," என்றார் சண்முகக்கனி. "ஒங்க பெட்டி சத்தமா கேக்குமா தம்பி?"

"கடல் வரைக்கும் கேக்கும்க்கா."

"கடலுக்கு என்னத்துக்கு? என் மண்டபத்துக்குள்ள கேட்டாப் போதும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எங் கல்யாணத்துல, டீச்சர், தாலி கட்டுத நேரம் பாத்து பந்தியில ஒரு புண்ணியவான் அண்டாவக் கீழ போட்டான். மேளக்காரன் சத்தம் பத்தல. டங்குன்னு ஊருக்கே கேட்டுச்சு. எங்க மாமியா சாகுத வரைக்கும் அந்த டங்கைச் சொல்லியே என்ன ஏசினா. பால் திரிஞ்சா டங்கு. லாரி பஞ்சரானா டங்கு. என் மகளுக்கு அந்தப் பேச்சு வரக்கூடாது."

தாலி கட்டும் நொடியில் தும்மலோ அழுகையோ உடைசலோ யார் காதிலும் விழாமல் மூடிவிடுவதற்குத்தான் கெட்டி மேளம். ஓர் ஒலியை இன்னோர் ஒலி மறைப்பதைப் பற்றி நான் வருடா வருடம் இயற்பியல் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறேன். இந்த உதாரணம் எனக்குத் தோன்றியதே இல்லை. சகுனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உதாரணம் நல்ல உதாரணம்.

அவர் போட்ட நிபந்தனை: "மேளம் கோமதிநாயகம் அண்ணாச்சி. அவரு பெட்டி கூட வாசிக்கச் சம்மதிச்சு, கல்யாணத்துல எல்லாம் நல்லபடியா நடந்துச்சுன்னா, ரூமு பெட்டிக்கு, வேலை தம்பிக்கு. இல்லன்னா ஐஸ்கிரீம்தான்."

ஜூலை 20

நாகசுரக்காரர் கோமதிநாயகம் தியேட்டருக்கே வந்தார். அறுபது வயதிருக்கும். வெற்றிலை. குழல் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இத எத்தன பேரு வாசிப்பாங்க?"

"ஒருத்தன்தான் அண்ணாச்சி," என்றான் வலேரியன்.

"ஒருத்தனுக்கு இத்தன குழலா? நான் ஒத்தக் குழல வச்சு மூணு பிள்ளையளக் கட்டிக் கொடுத்துட்டேன்."

இரண்டையும் சேர்த்து வாசித்துப் பார்த்தார்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது. பற்கள் கூசியது தெரிந்தது.

"ஒரு அடுப்படியில ரெண்டு மாமியா நிக்க மாதிரி இருக்கு," என்றார் அவர். "பெட்டி என் சுருதிக்கு வரட்டும், பொறவு பேசுவோம். நான் அதோட சுருதிக்கு வரமாட்டேன். என் குழல் ஆச்சா மரம். தொளச்சது தொளச்சதுதான்."

வலேரியன் முகம் வாடிவிட்டது. மொத்தப் பெட்டியும் சுருதியில் கால் கட்டை வித்தியாசத்தில் இருக்கிறது. எனக்கு நிம்மதி என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

ஜூலை 21

ஒவ்வொரு உலோகக் குழலின் நுனியிலும் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு தகர வளையம் இருக்கிறது. வளையம் மேலே போனால் குழல் நீளும், சுருதி இறங்கும். மரக் குழல்களுக்கு ஒரு தக்கை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால் கட்டைக்கு இடம் போதும்.

இதை வலேரியனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். காலைச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். இட்லியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான்.

ஜூலை 22

விடுப்பை ஐந்து வாரம் நீட்டித்தேன். காரணம்: பல் வைத்தியம். பல்லில் ஒன்றுமில்லை. ஆனால் நாற்பத்தெட்டு வயதில் ஏதாவது ஒரு பல்லைப் பார்ப்பது நல்லதுதான்.

ஆகஸ்டு 3

குழல்களைக் கழற்றி இறக்குகிறோம். உலோகக் குழல்கள் வெகு மென்மை, விரல் பட்டால் குழிகின்றன. சுற்றுவதற்குத் துணி வேண்டுமே என்றேன். வலேரியன் மாடியிலிருந்து பழைய பட பேனர்களை அள்ளிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு குழலும் ஒரு கதாநாயகனின் மீசையிலோ கதாநாயகியின் தோளிலோ சுருண்டு படுத்திருக்கிறது. மிகப் பெரிய குழலுக்கு ஒரு வில்லன் முழுதாகத் தேவைப்பட்டார்.

சண்முகக்கனியின் உப்பு லாரி கனி மகாலுக்கு மூன்று நடை அடித்தது. டிரைவர் குழிகளைத் தவிர்த்து ஓட்டியதாகச் சொன்னார். இந்த ஊர் ரோட்டில் அது எப்படி என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்டு 10

ஆம்பூரிலிருந்து ஆட்டுத் தோல் வந்தது, வெங்காயச் சருகு போல மெலிதாக. ஒவ்வொரு குழலுக்கும் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவில் தோல் வட்டம் இருக்கிறது. காற்று போகும் வழியைத் திறப்பதும் மூடுவதும் அதுதான். பழையதைச் சுரண்டி எடுத்து, புதியதை வச்சிரப் பசையால் ஒட்ட வேண்டும். பசை நாற்றத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

வலேரியன் வெட்டும் வட்டங்கள் தோசை மாதிரி இருக்கின்றன. நான் வெட்டுபவை வட்டமாக இருக்கின்றன.

"இதுக்குத்தான் பிஎச்டி படிச்சியாக்கா?"

"வாயை மூடிக்கொண்டு ஒட்டுடா."

இன்று அறுபது வட்டம். கை வலி. சாப்பிட்டதும் தூங்கிவிட்டேன். பல மாதங்களாக மாத்திரை போடாமல் தூங்கியதில்லை.

ஆகஸ்டு 19

கல்லூரி முதல்வர் அழைத்தார். ஸ்டோர் கீப்பர் வேலையை அக்டோபர் கடைசி வரைதான் நிறுத்தி வைக்க முடியுமாம். தம்பி நிச்சயம் வந்துவிடுவான் என்றேன். பேசி முடித்துத் திரும்பினால் வலேரியன் வாசலில், கையில் பசைச் சட்டியோடு.

"நெசமாச் சொல்லுக்கா. இது நடக்கக் கூடாதுன்னு நினைக்கியா?"

பசை ஆறுகிறது என்றேன். உண்மையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

ஆகஸ்டு 20

காலையில் சீக்கிரம் போய் எண்பது வட்டம் வெட்டி வைத்தேன். அவன் வந்து பார்த்தான். எண்ணவில்லை. டீ வாங்கி வந்தான்.

ஆகஸ்டு 23

மீண்டும் விடுப்பு, இந்தமுறை அக்டோபர் 24 வரை. சேர்ந்துபோன விடுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி அலுவலகத்தில் எப்போதும் நச்சரிப்பார்கள். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 9

இன்று மெர்க்குரி டாக்கீஸை இடிக்கத் தொடங்கினார்கள். நாங்கள் பார்க்கப் போகவில்லை. காற்றைத் தேக்கி வைக்கும் துருத்திக்குத் தோல் போர்த்தும் நாள். நடுவில் விட முடியாது.

செப்டம்பர் 20

கனி மகாலில் முதல்முறையாக மோட்டாரைப் போட்டோம். துருத்தி மூச்சு இழுத்து எழும்பி நின்றது. எங்கும் கசியவில்லை. வலேரியன் ஒரே ஒரு கட்டையை அழுத்தினான். ஒரே ஒரு குழல் பேசியது, சுத்தமாக. மண்டபத்தின் மேனேஜர் சுடலைமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். இது இயந்திரம் என்று விளக்கினேன். "அதுக்கென்னம்மா, லாரிக்குங்கூடத்தான் கும்பிடுதோம்," என்றார்.

செப்டம்பர் 28

எட்டு நாட்களாகச் சுருதி சேர்க்கிறோம். வலேரியன் கட்டையைப் பிடிக்க, நான் குழல் அறையில் ஏணி மேல். கோமதிநாயகம் தினமும் வந்து நடுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாகசுரத்தில் ஒரு ஸ்வரம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

"ஏத்து. இன்னும். போதும். இல்ல டீச்சர், அது எறங்கிட்டு."

"என் சுருதி பார்க்கும் கருவி சரி என்று காட்டுகிறதே."

"ஒங்க கருவிக்குக் கல்யாணமா நடக்கு?"

இன்று எல்லாம் ஒன்று சேர்ந்தது. வலேரியன் கீழ்க் குழல்கள் மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, கோமதிநாயகம் அதன்மேல் ஏதோ ஒரு ராகத்தை மெல்ல இழுக்கத் தொடங்கினார். பாத்திரம் கழுவும் பெண்கள் வந்து நின்றார்கள். முடிந்ததும் அவர் வெகு நேரம் நாகசுரத்தின் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டு நாளும் ஒரு கரண்டுப் பெட்டி பக்கத்துல கொசு மாதிரி கத்தும். அதுதான் எனக்குச் சுருதி. இது யானை வந்து பின்னால நிக்க மாதிரி இருக்கு."

"அப்படின்னா சம்மதமா அண்ணாச்சி?" என்றான் வலேரியன்.

"சுருதி பிடி. கெட்டி மேளத்துக்கு நான் தலையாட்டும்போது உன்கிட்ட உள்ளதையெல்லாம் தெறந்து விடு. மத்த நேரம் குதிரை, குருவி ஒண்ணும் வாயைத் தெறக்கக் கூடாது."

நான் ஏணியிலிருந்து இறங்கும்போது கால் இடறியது. வலேரியன் பிடித்துக்கொண்டான். சந்தோஷத்தில் இறுக்கிப் பிடித்தான். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. காலையில் நாங்கள் இருவரும் மோட்டார் பெல்ட் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால் சுடலைமுத்து வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"ஒரு குழலக்கூட விடலம்மா."

விடவில்லைதான். குளித்துச் சுத்தபத்தமாக ஏணி போட்டு ஏறி, இருநூற்றுச் சொச்சம் குழல்களுக்கும் சந்தனம் இட்டு, அதன்மேல் குங்குமம் வைத்திருக்கிறார். குழலின் கீழ்ப்பகுதியில் ஒரு பிளவு உண்டு, அதுதான் அதன் வாய். வாய்க்கு மேலே தட்டையாக ஒரு பட்டை, பார்ப்பதற்கு அச்சு அசல் நெற்றி. அங்கேதான் வைத்திருக்கிறார். சந்தனத்தைத் தாராளமாகக் கரைத்திருக்கிறார். அது வழிந்து நேராக வாய்க்குள் போய்க் காய்ந்துவிட்டது.

மோட்டாரைப் போட்டோம். கட்டையை அழுத்தினால் மொத்த ஆர்கனும் "உஸ்ஸ்" என்றது. கல்யாணத்துக்குப் பத்து நாள்.

வலேரியன் மோட்டாருக்கு அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஈரத் துணியும் பஞ்சும் எடுத்துக்கொண்டு நான் முதல் குழலைத் துடைக்கப் போனேன். அப்போதுதான் சண்முகக்கனி உள்ளே வந்தார்.

"என்ன செய்யுதிய டீச்சர்?"

"பொட்டை அழிக்கிறேன்."

"வாயைக் கழுவுங்க! கல்யாண வீட்டுல பொட்டை அழிக்கதா? அதுவும் பொண்ணுக்கு நலுங்கு வைக்கப் போற நேரத்துல? என் மாமியாளுக்கு டங்கு ஒண்ணுதான் கிடைச்சுது. எங்க சம்பந்தியம்மாளுக்கு இது போதும், நூறு வருசம் பேசுவா."

"துடைக்காவிட்டால் ஆர்கன் வாசிக்க முடியாதே."

"வாசிக்க முடியாட்டி ஐஸ்கிரீம்காரன வரச்சொல்லுதேன். பொட்டுல கைய வைக்கக் கூடாது."

அக்டோபர் 12

எனக்கு இதில் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு கட்டுப்பாட்டுக்குள் நின்று கணக்கை முடிப்பது எனக்குப் பழக்கமான வேலை. காலையில் சண்முகக்கனியின் வீட்டுக்கே போனேன்.

"ஒரு குழலின் அடிப்பகுதியில் முதலில் புதுப் பொட்டு வைக்கிறோம். அது இருக்கும்போதே மேலே உள்ளதை எடுக்கிறோம். குழல் ஒரு நொடிகூடப் பொட்டில்லாமல் இருக்காது. அது அழிப்பதா?"

அவர் காப்பியை ஆற்றுவதை நிறுத்தினார்.

"அது... எடம் மாத்துதது."

"ஆமாம்."

"எடம் மாத்தலாம். தப்பில்ல." ஒரு மடக்குக் குடித்தார். "ஆனா வைக்கது சுமங்கலியா இருக்கணும். எனக்கு இப்ப மூச்சுவிட நேரமில்ல. டீச்சர், ஒங்களுக்குக் கல்யாணம்...?"

"ஆகவில்லை."

"அப்பச் சரி. கன்னிப்பொண்ணு வைக்கலாம்."

மண்டபத்துக்குத் திரும்பி வலேரியனிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அக்டோபர் 15

பொட்டு, துடைப்பு. பொட்டு, துடைப்பு. நான் குழல் அடியில் குங்குமம் வைக்க, வலேரியன் பின்னாலேயே ஓவியப் பிரஷால் வாயைச் சுத்தம் செய்கிறான். சுடலைமுத்து பாவ நிவர்த்தியாகப் பஞ்சு திரித்துக் கொடுக்கிறார். விரல்களெல்லாம் சிவப்பு.

"கன்னிப்பொண்ணே, அந்தப் பெரிய குழலை மறந்துராத."

இன்றைக்கு அது பன்னிரண்டாவது தடவை. பஞ்சால் எறிந்தேன். குறி தப்பவில்லை.

அக்டோபர் 18

எல்லாக் குழல்களும் பேசுகின்றன. கோமதிநாயகம் வந்து கேட்டுவிட்டு, "முன்னைக்கு இப்ப நல்லாவே இருக்கு. சந்தனம் தொண்டைக்கு நல்லதுல்லா," என்றார்.

அக்டோபர் 20

நாளைக்கான ஏற்பாடு: வாசிக்கும் இடத்திலிருந்து வலேரியனுக்கு மணவறை தெரியாது. அதனால் நான் மேடையோரம் கையைத் தூக்கி நிற்க வேண்டும். ஐயர் "கெட்டி மேளம்" என்றதும் கோமதிநாயகம் தலையாட்டுவார். நான் கையை இறக்குவேன். வலேரியன் எல்லாவற்றையும் திறப்பான்.

அவன் மீன் குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டான். சாப்பிட்டேன்.

அக்டோபர் 21

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபம் நிரம்பியிருந்தது. காலையிலிருந்து சுருதி அலுங்காமல் நின்றது. ஆர்கன் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. மண்டபம் முழுக்க ஒரு கனம் மட்டும் இருந்தது. வலேரியன் குதிரைப் பக்கம் கையைக்கூடக் கொண்டுபோகவில்லை.

முகூர்த்தம் நெருங்கியது. தாலித் தட்டு சுற்றி வந்தது. நான் மேடையோரம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். ஐயர் ஏதோ மந்திரத்தில் இருந்தார். எனக்கு மிக அருகில் யாரோ சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். புகை நேராக என் முகத்துக்கு.

மூக்கின் உள்ளே தொடங்கியது. மூச்சைப் பிடித்தேன். உதட்டைக் கடித்தேன். ஒரு கை மேலே தூக்கியபடி, மூக்கைப் பொத்த இன்னொரு கையைக் கொண்டுபோனால் அதில் அட்சதை. பேச்சையெல்லாம் நிறுத்திவிட்டு மண்டபமே மாப்பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சண்முகக்கனி நான்கடி தூரத்தில். ஐயர் இன்னும் சொல்லவில்லை. கோமதிநாயகம் இன்னும் தலையாட்டவில்லை.

தும்மலுக்கும் ஒரு திருமணத்தின் எதிர்காலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கை இறங்கிவிட்டது. தானாக இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

மண்டபம் அதிர்ந்தது. இருநூற்றுச் சொச்சம் குழல்கள், முரசு, ஜால்ரா, மணி, குதிரைகள், ரயில், எல்லாவற்றுக்கும் மேலே கப்பல் சங்கு. தவில்காரர் திடுக்கிட்டு அடித்து நொறுக்கத் தொடங்கினார். கோமதிநாயகம் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் உச்சத்தில் போய்ப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை பயந்துபோய் மூன்று முடிச்சையும் ஒரே மூச்சில் போட்டார். பூமழை. தொங்கு விளக்கு ஆடியது. குழந்தைகள் கைதட்டினார்கள். நான் தும்மினேன். எனக்கே கேட்கவில்லை.

அடங்கியதும் சண்முகக்கனி நேராக மேளக்காரர்கள் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். வலேரியன் வெளிறிப்போய் எழுந்து நின்றான்.

"யாரு முந்திக்கிட்டது? ஐயரு இன்னும் சொல்லவேயில்லையே அண்ணாச்சி?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கோமதிநாயகம் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நான்தான் தலையாட்டினேன். மாப்பிள்ளை கை நடுங்குச்சு. இன்னும் ஒரு நிமிசம் விட்டா தாலி நழுவி மடியில விழுந்துரும். அதான் ஆரம்பிச்சேன். முப்பத்தஞ்சு வருசமா நான் பாக்காத கல்யாணமா?"

"தாலி விழுந்துருக்குமா?" சண்முகக்கனி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நல்ல வேளை. டங்குன்னு வேற ஒண்ணும் கேக்கலையே?"

"இடி விழுந்திருந்தாலும் கேட்டிருக்காது," என்றேன்.

சண்முகக்கனியின் முகம் மெல்ல விரிந்தது. "எங்க சம்பந்தியம்மா என்ன கேட்டா தெரியுமா? அவ ரெண்டாவது மவன் கல்யாணத்துக்கு மண்டபம் தருவீங்களா, அந்தப் பெட்டியோடன்னு." வலேரியன் தோளில் ஒரு தட்டு. "தம்பி, ஐஸ்கிரீம்காரன வாசல்ல கடை போடச் சொல்லிருதேன். ரூமுச் சாவிய நீயே வச்சுக்க."

அவன் சாவியை வாங்கவில்லை. அழுதுவிட்டான். கப்பல் சங்கை ஊதுகிறவன், எத்தனை பேருக்கு முன்னால்! நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பந்திக்குப் போகும்போது கோமதிநாயகம் பக்கத்தில் வந்தார்.

"நன்றி," என்றேன்.

"எதுக்கு? எம் மேளத்துல நடந்ததுக்கு நான்தான் பொறுப்பு. தம்பி இப்ப எம் மேளம்லா." வெற்றிலையை மடித்தார். "ஆனா டீச்சர், எனக்குக் கேட்டுச்சு. நல்ல தும்மல். தைவத சுரத்துல நின்னுச்சு."

அக்டோபர் 22

முதல்வரை அழைத்து, ஸ்டோர் கீப்பர் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

"தம்பிக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதா?"

"ஆமாம். ஒரு கல்யாண மண்டபத்தில்."

"சமையலா?"

விளக்கத் தொடங்கி விட்டுவிட்டேன். "ஏறக்குறைய," என்றேன்.

அக்டோபர் 24

காலை பஸ். மதுரையில் மாட்டுத்தாவணியில் இறங்கி ஆரப்பாளையம் போய் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். பக்கத்து இருக்கை காலி. பையை அதில் வைத்துக்கொள்ள வசதி.

திண்டுக்கல் தாண்டியதும் வலேரியன் அழைத்தான்.

"அக்கா, ஒரு குழல் நிக்காம ஊதுது. இந்தா, கேளு."

செல்பேசியைக் குழல் அறைக்குள் நீட்டினான் போல. ஒரே ஸ்வரம், நீளமாக. காதோடு சேர்த்துப் பிடித்துக் கேட்டேன்.

"மரக் குழல். இரண்டாவது வரிசை. கீழே தோல் விலகியிருக்கும்."

"நான் எடுத்து ஒட்டிரட்டுமா?"

"நீயா? தோசை மாதிரி வெட்டுவாய். எதையும் தொடாதே. சனிக்கிழமை வருகிறேன்."

ஊதல் உடனே நின்றுவிட்டது. தோல் விலகிய குழல் தானாக நிற்பதற்கு இயற்பியலில் ஏதாவது காரணம் இருக்கும். பஸ் குலுங்கியதால் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க முடியவில்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு ஜன்னலோர இருக்கை பதிவு செய்துவிட்டேன்.